சண்டையை நிறுத்தியவரின் தெரு

நகரசபை மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன் எழுந்து நின்ற அக்காவின் நீலக் கோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளை, ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்கு அருகே உள்ள இந்தச் சிறு நகரத்தின் சபை உறுப்பினராகியிருந்தார். அன்று அவர் கேட்டது பெரிய விடயமல்ல. ரயில் நிலையத்துக்குப் போகும் புதிய தெருவுக்கு, இதே ஊரில் பிறந்த ஒரு பழைய அமைச்சரின் பெயரை வைக்கவேண்டும் என்றார்.

அந்த அமைச்சர் ஒரு தையற்காரரின் மகன். அச்சகத்தில் எழுத்துக் கோத்து, தொழிற்சங்கத்தில் பேசிப் பழகி, பாராளுமன்றம் வரை போனவர். முதலாம் உலகப் போர் தொடங்கியபோது எல்லோரையும்போல அவரும் கைதட்டினார். மகன் களத்திலிருந்து திரும்பி வராதபோது மனம் மாறினார். தோல்வி உறுதியாகி, போர்நிறுத்தத்தில் கையெழுத்திடப் பெரியவர்கள் எல்லோரும் பின்வாங்கியபோது, அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவராகப் போய்க் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை துரோகி என்ற பெயரைச் சுமந்தார். வீட்டு யன்னல்களுக்குக் கல்லெறிந்தார்கள். அப்படியிருந்தும் பதவியை விட்டு ஓடாமல், பசித்த நகரங்களுக்குத் தானியம் கொண்டுவரும் வேலையைப் பார்த்தார். சொந்த ஊர் அவருக்கு ஒரு கல்லைக்கூட நடவில்லை.

தோல்வியில் ஒப்பமிட்டவரின் பெயர் எதற்கு என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. தன் சிறுவயதில் எங்கள் ஊரில் செல் குண்டுகள் விழுந்ததையும், நிறுத்தக்கூடியவர்கள் நிறுத்தாததால் போர் நீண்டதையும் ஜெர்மன் மொழியில் நிதானமாகச் சொன்னார். பிறகு அந்த உறுப்பினரைப் பார்த்தே முடித்தார்: “அந்தக் கையெழுத்தால்தான் உங்கள் தாத்தாமார் உயிரோடு வீடு வந்தார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கையெழுத்துக் கிடைக்கவில்லை.”

வாக்கெடுப்பில் எதிர்வரிசையிலும் சில கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

பெயர்ப்பலகை திறந்த அன்று அம்மாவையும் கூட்டிப் போனோம்.

“ஆர் பிள்ளை இவர்?”

“சண்டையை நிப்பாட்டின ஆள், அம்மா,” என்றார் அக்கா.

அம்மா பலகையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். நான் படம் எடுக்கத் தொடங்கியதும் அக்காவைக் கையால் விலக்கினார்.

“நீ கொஞ்சம் தள்ளி நில். அவற்ற பேர் முழுக்கத் தெரியவேணும்.”

அந்தப் படத்தில் அக்காவுக்குப் பாதி முகம்தான். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதை எடுத்துக் காட்டுகிறார். “இது என்ர மகள் வைச்ச பேர்” என்கிறார்.