ஈரலுக்குள் குடித்தனம்

ஈரல் கிளினிக்கில் விளக்கம் சொல்லும் வேலையில், நோயாளி வேகமாகத் தலையாட்டினால் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். இதே வேலையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

மஞ்சளே இல்லையே

செல்வம் போடிக்காரர். குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறார். ரத்தம் கொடுக்கப்போன இடத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்து எங்களிடம் வந்தார். காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை; அப்படியென்றால் கிருமி உள்ளே எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டார்.

ஈரல் செல் தனக்குள் பழசானதைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டிக் கரைத்து, மறுபடி உபயோகித்துக்கொள்ளும் என்றேன். இந்த வைரஸ் பைகளை நிறையக் கட்டவைக்கும். கரைக்கிற இடத்துக்குப் போய்ச்சேர விடாது. அந்தச் சாக்கில் தன்னை நகலெடுத்துக்கொள்ளும். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அந்த நகலெடுப்பை அடக்கும், அதனால் ஒருநாளும் விடக் கூடாது என்றேன். செல்வம் சொன்னார்: “அப்ப குப்பை வண்டிய மறிச்சு, அதுக்குள்ளயே குடித்தனம் நடத்துதுங்கிறீங்க.”

தனித்தட்டு

அவர் மனைவி முருகேஸ்வரிக்குப் பரிசோதித்ததில் தொற்று இல்லை. தடுப்பூசி போட்டோம். செல்வம் யாரும் சொல்லாமலே தனக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துக்கொண்டாராம். ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவுமே தவிர, தட்டாலும் தொடுவதாலும் பரவாது என்று விளக்கினேன். முருகேஸ்வரி சொன்னாள்: “அவுக காதுபட நீங்க இதைச் சொல்லணும்னுதான் கூட்டியாந்தேன்க்கா. அப்பா ஏன் என்னையத் தூக்க மாட்டேங்குதுன்னு பிள்ளை தெனமும் கேக்குது.”

விரதம்

சில மாதம் ஆளைக் காணோம். பிறகு முருகேஸ்வரி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கண் இரண்டும் மஞ்சள். பட்டினி கிடந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்று எல்லா நோயும் போய்விடும் என்று ஜீப்பு ஸ்டாண்டில் யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். இவர் மாத்திரையை நிறுத்திவிட்டு விரதம் இருந்திருக்கிறார். வைரஸ் பெருகி, அதோடு உடம்பு போட்ட சண்டையில் ஈரல் புண்ணாகியிருந்தது.

உடனே அட்மிட் செய்து, டாக்டர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார். முருகேஸ்வரி வார்டு வாசலை விட்டு நகரவில்லை. மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கியது, பிழைத்துக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, நடந்ததை ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லச் சொன்னேன். செல்வம் சொன்னார்: “சொல்லிட்டேன்க்கா. அதுக்கு வீடியோ இருக்கான்னு கேக்குறாய்ங்க.”

ஈரலை ஒரு நிமிஷத்தில், பின்னால் பாட்டோடு விளக்கத் தெரியாததுதான் இந்த வேலையில் நமக்கெல்லாம் உள்ள ஒரே குறை.