நடுவில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டவள்

தோழிகளே, நாளை காலை பஸ்ஸில் இந்தத் தாளை உங்களிடம் தருவேன். தேவிகாவின் மரண விசாரணை நாளை முடியும்வரை இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நம் உயிரியல் வகுப்புக்கு மட்டும் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். ஒவ்வொரு இருமலுக்கும் பேனா நின்றுவிடுகிறது.

தேவிகா இறந்த செய்தி இரசாயனவியல் பாடத்தின் நடுவே வந்தது. காய்ச்சல் என்று அவள் அன்று பள்ளிக்கு வராமல், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலேயே இருந்துவிட்டாள். தோட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்: "லயத்துச் சுவர் விழுந்துருச்சு. அந்தப் புள்ள பாடப் புத்தகம் எடுக்க உள்ள ஓடியிருக்கு." நாம் அழுதோம். "படிப்புப் பைத்தியம்" என்று யாரோ சொன்னபோது நானும் தலையாட்டினேன். அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த உயிரியல் பாடம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஓர் உயிர்க்கலம் இரண்டாகும் கலப்பிரிவின் கடைசிக் கட்டத்தை நம் குறிப்பு ஒரே வரியில் முடித்திருந்தது: குழியவுரு பிரிந்து இரண்டு மகட்கலங்கள் தோன்றும். தேவிகா எழுந்தாள். "தோன்றும்னா எப்படி சேர்? யாரு வெட்டுறா? நடுவுல ஏதும் மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

யாழ்ப்பாணத்துச் சேர் கண்ணாடியைக் கழற்றினார். "உது பாடத்திட்டத்தில இல்லைப் பிள்ளை. சோதினைக்கும் வராது."

"சோதினைக்கு வராட்டியும் எனக்குள்ள நடக்குதே சேர்."

நாம் மேசையைத் தட்டிச் சிரித்தோம். அடுத்த கிழமை சேர் ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கங்களைத் தமிழில் எழுதி வந்து கொடுத்தார். "வாசி. எனக்கே நேற்றைக்குத்தான் விளங்கினது."

அதை அவள் எனக்கு விளக்கியது அவர்களுடைய அடுப்படியில். நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், இரு பக்கமும் விலகியதும் நடுவில் நுண்குழாய்க் கட்டு ஒன்று மிஞ்சும். மோட்டார்ப் புரதங்கள் அதன்மேல் அடியெடுத்து நடந்து, கைனேசு என்ற நொதியை நடுவுக்குச் சுமந்து போகும். கைனேசு மற்றப் புரதங்களில் பொசுபேற்று என்ற சிறு துணுக்கை ஒட்டும். அதனால் சில விழிக்கும், சில அடங்கும். கலத்தை நடுவில் நெரிக்கும் வளையம் எங்கே இறுக வேண்டும் என்பது அப்படித்தான் முடிவாகும். இறுகி இறுகிக் கடைசியில் மெல்லிய பாலம் ஒன்று நிற்கும்.

ரொட்டி மாவு உருண்டையில் நூலைச் சுற்றி இறுக்கினாள். நடுவில் ஒரு மிளகாய்த் துண்டை வைத்திருந்தாள். "இப்ப வெட்டுனா?"

"மிளகாயும் அறுந்துரும்."

"அதான்டி. பாலத்துல ஒரு இழை மாட்டியிருந்தாக்கூட கைனேசு அடங்காது. வெட்டாத, பொறுன்னு புடிச்சு வச்சிருக்கும்."

அவள் அம்மா அகப்பையைத் தூக்கினார். "ஏண்டி டாக்டருங்களா, ரொட்டி சுடவா, ஆப்பரேசன் பண்ணவா?"

இனி நடந்ததைச் சொல்கிறேன். லயத்துக்குப் பின்னாலுள்ள மண் திட்டை வெட்டிப் பாதை போட, தேவிகா இறந்த அன்று, பெக்கோ இயந்திரம் வந்தது. லயத்தில் இருந்த எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு, என் அப்பா பெயர் கூப்பிட்டார். அவர்தான் அந்தப் பிரிவின் கணக்கப்பிள்ளை. தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலையாட்களைக் கூப்பிடும் அதே புத்தகத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். லயம் காலி என்று கை காட்டினார். இயந்திரம் மண்ணில் இறங்கியது.

லயத்தின் நடு வீட்டில், நடுக் காம்பராவில், செல்வமணி அக்கா இருந்தார். பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். பிரசவ விடுமுறையில் இருந்ததால் பெரட்டில் பெயர் இல்லை. தீட்டு என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். தேவிகா மட்டும்தான் முகங்களை எண்ணியிருக்கிறாள். "நிறுத்துங்க, ஆள் இருக்கு" என்று கத்தியிருக்கிறாள். யாரும் நிறுத்தவில்லை. அவள் ஓடினாள்.

செல்வமணி அக்கா என்னிடம் சொன்னார்: "தீட்டுடி, தொடாதன்னேன். 'தீட்ட நாளைக்குப் பாத்துக்கலாம், ஓடுக்கா'ன்னு புள்ளைய என் கையில குடுத்து வெளிய தள்ளுனா. நான் திரும்பிப் பாக்கையில சுவரு இல்ல."

அப்பாவிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "செல்வமணி பேரு பெரட்டுல இல்லையே, புள்ள. நான் என்ன செய்ய?" பிறகு சொன்னார்: "ஆபீசுல சொன்னதத்தான் நானும் சொல்லணும். நீ வாயத் தொறந்தா என் வேலையும் போயிரும், இந்த வீடும் போயிரும்."

செல்வமணி அக்காவை நேற்றுப் பச்சைப் பிள்ளையோடு லொறியில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது யாருக்கும் தீட்டு நினைவுக்கு வரவில்லை. சாட்சி போய்விட்டது. இரண்டு உயிரை மீட்டவள், புத்தகத்துக்காகச் செத்த மடைச்சியாகப் பதிவாகப் போகிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்துக்குள், நடுவில் எதுவும் சிக்கவில்லை என்று தெரியும்வரை வெட்டு பொறுத்திருக்கிறது. இத்தனை பெரிய தோட்டத்தில் பொறுக்கச் சொல்ல ஒருவர் இல்லை! சொன்ன ஒருத்தியையும் கொன்றுவிட்டு, அவள்மேலேயே பழி போடுகிறார்கள்.

சேர் எழுதிய பக்கங்களை அவள் அம்மா பெட்டிக்குள் வைத்துவிட்டார். என்னிடம் அவளுடைய பொருள் எதுவும் இல்லை. யாராவது "எல்லாரும் இருக்காங்க" என்றால் இனி என்னால் நம்ப முடியாது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நாளை விசாரணையில் எழுந்து நின்று சொல்வேன்: அவள் புத்தகம் எடுக்கப் போகவில்லை. புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவர் என் அப்பா. அவர் பெயர்…

கதவைத் தட்டுகிறார். "புள்ள, என்ன எழுதுற?"