ஜன்னலக்கா கடை

நாற்காலியின் கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, வாசலில் நிற்பவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: "மூக்கு வெளிய எட்டிப் பாக்குதே, காத்து வாங்குதோ?" வந்தவர் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்ட பிறகுதான் உள்ளே இடம். கொண்டுவராதவர்களுக்காக வாசலில் ஒரு பெட்டி நிறையக் கவசம் வைத்திருக்கிறார்.

மழையோ பனியோ, அவருடைய முடிதிருத்தும் கடையின் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். அதனால் தெருவுக்கே அவர் ஜன்னலக்கா. சின்ன உருவம், பெரிய குரல். காத்திருப்பவர்களுக்கு நடைபாதையில்தான் பெஞ்சு. காதோரம் வெட்டும்போது கவசத்தின் கயிற்றைக் கழற்றி, "விட்டுறாதீங்க, பிடிச்சுக்குங்க" என்று நம் கையிலேயே கொடுத்துவிடுவார். கொள்ளைநோய்க் காலம் முடிந்ததென்று ஊரே கவசத்தைக் கழற்றிக் கடாசிவிட்டது. இவர் கதவில் மட்டும் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது: 'முகக்கவசம் போட்டால்தான் முடிவெட்டு.'

"ஊருக்கு முடிஞ்சா முடியட்டும். நான் அடுத்தவங்க மூச்சுல நின்னு வேலை செய்யறவ."

எதிரே இப்போது கைபேசி விற்கும் கடையில் முன்பு ஒரு தையல்காரர் இருந்தார். கொள்ளைநோய்க் காலத்தில் ஒருநாள் இவரிடம் முடிவெட்டிக்கொண்டு போனார். அந்த வாரமே இருவருக்கும் காய்ச்சல். இவர் எழுந்தார், அவர் எழவில்லை. "யாருகிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு தெரியல. தெரியாததுதான் உறுத்துது" என்று ஒருமுறை சொன்னார். மேலே கேட்டால், நம் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவார்.

பக்கத்துச் செருப்புக்கடை அவருடைய கொழுந்தனாருடையது. கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். சென்ற மாதம், சங்கக் கூட்டத்துக்குப் போகும் வழியில் அண்ணியிடம் முடிவெட்ட உட்கார்ந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது. கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணி, உங்க பலகையப் பாத்துட்டு, இங்க ஏதோ நோவு பரவுதுன்னு சனங்க அடுத்த தெருவுக்குப் போறாங்க. இது கடைத்தெரு மாதிரியா இருக்கு? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

கத்தரி நின்றது. "ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னுதான் தம்பி பலகை. போன குளிர்ல உங்க கடை ஆளுங்க மொத்தமாப் படுத்து, ஷட்டரு மூடிக் கெடந்துச்சே, அப்ப எந்தச் சனம் வந்து செருப்பு வாங்குச்சு?"

"அது வேற, இது வேற."

"சரி, மொதல்ல அதை மேல ஏத்துங்க."

"நான் உங்க வீட்டு ஆளு அண்ணி!"

"அதனாலதான் மரியாதையாச் சொல்றேன். ஏத்துனா மீதிப் பாதி. இல்லேன்னா இப்படியே கெளம்புங்க. புது ஸ்டைலுன்னு சொல்லிக்கலாம்."

பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. கொழுந்தனார் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் வெட்டிவிட்ட புல்தரை, மறுபக்கம் புதர். கவசம் மேலே ஏறியது.

கூட்டத்தில் பலகையை எடுக்கச் சொல்லும் தீர்மானம் என்னவோ நிறைவேறிவிட்டது. மறுநாள் அவரே வந்து, கவசத்தோடு வாசலில் நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எந்தக் கடையிலயும் இந்த மாதிரிப் பலகை இருக்கக் கூடாதுன்னுட்டாங்க அண்ணி."

"சொல்லிட்டீங்கல்ல? உங்க வேலை முடிஞ்சுது. என் பலகை இருக்கும். வேணும்னா சங்கத்துலருந்து என் பேர எடுத்துருங்க."

அப்போது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நீண்ட சிகிச்சையில் இருப்பவர். சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காத உடம்பு. அவர் பயமில்லாமல் வந்து உட்காரும் கடை இது ஒன்றுதான். தலைத்துணியை அவிழ்த்தார். முடி அப்போதுதான் புதிதாகத் துளிர்த்திருந்தது.

"வெட்டறதுக்கு என்னக்கா இருக்கு? சும்மா வந்து உக்காரணும்னு தோணுச்சு."

"ஏன் இல்ல? காதுக்குப் பின்னால ஒண்ணு அடங்காம நிக்குது."

ஜன்னலக்கா வெள்ளைத் துணியை உதறி அந்தப் பெண்ணின் கழுத்தில் கட்டினார். கொழுந்தனார் வாசலிலேயே நிற்க, குனிந்து, ஒரே ஒரு முடியைக் கத்தரித்தார். பிறகு எல்லாருக்கும் செய்வதுபோலவே கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்து, திருப்திதானா என்று காத்து நின்றார்.