கரி டீசலும் ஒரு லாரித் தண்ணீரும்

தொரப்பள்ளி போகும் சாலையில், நிலக்கரியிலிருந்து டீசல் எடுக்கும் சோதனை ஆலையில் எஸ்லினுக்கு வேலை கிடைத்தபோது, அவள் அம்மா மேரிராணி தெரு முழுக்கக் கேக் கொடுத்தாள். வீட்டில் முதல் பட்டதாரி, கெமிக்கல் இன்ஜினியர். டீசல் எடுக்கையில் கிளம்பும் கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் பிடிக்கும் பிரிவு அவள் பொறுப்பு.

அந்தப் பிரிவு பார்வையாளர்கள் வரும் நாளில் மட்டும்தான் ஓடும். ஓடினால் நீராவியையும் கரண்டையும் தின்றுவிடும், டீசல் குறையும். பிடித்த வாயுவைப் புதைக்க இந்தப் பாறை நிலத்தில் இடமுமில்லை. சோடா கம்பெனிக்காரர் கொஞ்சம் கொண்டுபோவார்; சோடா மூடியைத் திறந்ததும் அது மறுபடி காற்றுக்கே. இருந்தும் எஸ்லின் மேலாளர் தினேஷ்குமாரிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். "சுத்தமான டீசல்னு சொல்லிட்டு நிறுத்தி வெச்சா எப்படி சார்?" கடைசியில், சித்திரை வெயிலில், அவர் ஒத்துக்கொண்டார். பிரிவு தினமும் ஓடியது.

அந்த வாரமே அம்மா போனில் பிடித்தாள்.

"ஏண்டி, தெருவுக்குத் தண்ணி லாரியே வரல. எல்லாம் உங்க கம்பெனிக்குத்தான் ஓடுதாமே?"

எஸ்லின் ஆலை வாசலுக்கு ஓடினாள். லாரிகள் வரிசையாக நின்றன. வாயுப் பிரிவைக் குளிர்விக்க இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டவளே அவள்தான். அது யார் குடத்திலிருந்து வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை. முதல் லாரியை ஓட்டி வந்தவன் அவள் தெருக்காரன் கோபி.

"உள்ள விடட்டுமாக்கா, நம்ம தெருவுக்குத் திருப்பட்டுமா?"

"என்னை எதுக்குடா கேக்கற?"

"படிச்சது நீதானக்கா."

"திருப்பித் தொலை."

உள்ளே போய்ப் பிரிவை அவளே நிறுத்தினாள். திட்டு விழும் என்று நினைத்தால், தினேஷ்குமார் சிரித்துக்கொண்டே வந்தார்.

"டீசல் ஏறிடுச்சு பாத்தியாம்மா? இதத்தான் நான் அப்பவே சொன்னேன். வெள்ளிக்கிழமை பெரிய ஆளுங்க வர்றாங்க, அன்னிக்கு மட்டும் போட்டுடு."

"போட மாட்டேன் சார். ஏன்னு அவங்ககிட்ட நானே சொல்றேன்."

"இன்னான்னு சொல்லுவ?"

அதுதான் அவளுக்கும் பிடிபடவில்லை. ஓடினால் தண்ணீர் போகிறது. நின்றால் வாயு காற்றில் போகிறது. இரண்டும் வேண்டாமென்றால் ஆலை வேண்டாம். ஆலை வேண்டாமென்றால் அம்மா கொடுத்த கேக்குக்கு என்ன அர்த்தம்?

"சொல்லல சார், கேக்கறேன்," என்றாள் எரிச்சலோடு. "எங்க தெரு எதை விடணும்னு அவங்களே சொல்லிட்டுப் போகட்டும்."