காஸ்பர் ஓட்டாத வண்டி

காஸ்பர் டிரைவர். ஆனால் தினமும் காலையில் துடைத்துத் துடைத்து அவர் பளபளவென்று வைத்திருந்த வண்டியை ஒருநாள்கூட ஓட்டியதில்லை.

வீடு மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் வாசல் தெருவைவிடப் பள்ளமாகிவிட்டது. முதல் மாடியில் பங்கஜம் அம்மா. தி.நகரில் புடவைக் கடை நடத்திய கருணாகரனின் மனைவி. அவர் இறந்து, மகனும் வெளிநாடு போன பிறகு தனியாக இருக்கிறார். மொட்டை மாடி அறையில் நான் வாடகைக்கு. கீழே போர்ட்டிகோவில் இரண்டு கார்கள். இரண்டும் நிசான். ஒன்று, அம்மா டாக்டரிடமும் கபாலி கோயிலுக்கும் போகிற சின்ன மைக்ரா. இன்னொன்று அவர் மகன் ஹரி வாங்கிய ஜிடிஆர். அந்தப் பணத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கலாம் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காஸ்பர் சாந்தோமில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் பள்ளிக்கூடக்காரர்கள். மனைவி ஆலிஸும் டீச்சர்தான். படிப்பு ஏறாத இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கருணாகரனின் அம்பாசடரில் ஆரம்பித்து அந்த வீட்டின் மற்ற எல்லா வண்டிகளையும் ஓட்டியவர். ஹரியை எல்.கே.ஜி.யில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். ஜிடிஆரின் பானட்டைத் திறந்து ஹரி ஒருநாள் அவருக்கு இன்ஜினைக் காட்டினான். அதன்மேல் சிறிய தகடு, தகட்டில் அதைக் கையால் கோத்த ஜப்பான்காரர் ஒருவரின் பெயர். காஸ்பருக்கு அது பெரிய அதிசயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது அதைப் பற்றித்தான் பேசுவார். ஆனால் யாரும் மசியவில்லை.

“சூப்பர் காருன்ற, வந்து பாத்தா நிசான்னு போட்டுக்கீது!”

“அது வேற நிசான்பா.”

“பன்னெண்டு பி பஸ்ல வேற பன்னெண்டு பி கீதா நைனா?”

காஸ்பரும் சேர்ந்து சிரிப்பார். அவர்கள் கண்ணுக்கு, குதிரையோ காளையோ முத்திரையில் இருந்தால்தான் சூப்பர் கார்.

போன வருடம் ஹரி வேலைக்கு டொராண்டோ போனான். “வண்டி உங்க பொறுப்பு அங்கிள்” என்றான். பேட்டரி இறங்காமலிருக்க வீட்டுக் கரண்டிலிருந்து ஒரு சார்ஜர் வயரை மாட்டிவிட்டு, இரண்டு சாவிகளையும் தன் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டான். “யாராவது ஆசப்பட்டு எடுத்துட்டா ரிஸ்க், இல்ல?” காஸ்பர் தலையாட்டினார். அந்த ‘யாராவது’ யார் என்று கேட்கவில்லை.

இந்த டிசம்பரில் புயல் எச்சரிக்கை வந்ததும் ஊர் வழக்கப்படி எல்லோரும் தண்ணீருக்குத் தப்பக் கார்களை மேம்பாலத்துக்கு ஓட்டினார்கள். காஸ்பர் விடிந்ததும் நனைந்துகொண்டே வந்தார். மைக்ராவை எடுத்துப்போய் அடையாறு மேம்பாலத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பினார். அதற்குள் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர்.

பால்கனியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “ஏய்யா காஸ்பரு, நடுக்கூடத்துல ஒழுகுது, கொஞ்சம் வந்து பாரேன்.”

“இரும்மா, இந்தப் புள்ளைய மொதல்ல பாக்குறேன்.”

“அந்தப் புள்ளைக்கு என்ன, இரும்புதான?”

நான் இறங்கி வந்தேன். தள்ளிப் பார்த்தோம். சாவி இல்லாமல் கதவு திறக்காது, கியர் விழாது, ஸ்டியரிங் திரும்பாது. பழைய அம்பாசடர் என்றால் இரண்டு பேர் போதும் என்றார் காஸ்பர். இது அசையவே இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் கல் கொடுக்கலாமென்று பக்கத்து மனையிலிருந்து செங்கல் சுமந்து வந்தோம். அப்போதுதான் காஸ்பர் தலையில் கை வைத்தார்.

“ஜாக்கி மைக்ரா டிக்கில கீது சார். பாலத்து மேல.”

மறுபடி அடையாறுக்கு நடக்க முடியாது. அதற்குள் சாலையில் இடுப்பளவு தண்ணீர் என்று செய்தி வந்துவிட்டது. வண்டியை அப்படியே தூக்கி ஏற்றிச் செல்லும் லாரி வைத்திருக்கும் ஜீஷானைக் கூப்பிட்டார். பழைய பழக்கம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“கிண்டில கீறேன் மாமா. இன்னா வண்டி?”

“நிசான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “எனக்கு முன்னாடி லைன்ல பென்ஸு நாலு, ஆடி ரெண்டு நிக்குது. நிசானுக்கு இப்ப வரச் சொல்றியே, நாயமா?”

“இது வேற நிசான்டா! ஜிடிஆர்!”

“எதா இருந்தா இன்னா? இன்சூரன்ஸ் கீதுல்ல? சாயங்காலமா வந்து இட்டுனு போறேன்.”

“சாயங்காலம் இன்னாத்த இட்டுனு போவ?” என்று காஸ்பர் கேட்டபோது இணைப்பு போய்விட்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. அவரை இதற்கு முன் அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு செங்கல்லை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. சக்கரத்தின் பாதி மறைந்தது. யாரோ சந்துக்குள் வேனை விரட்டிக்கொண்டு போக, அதன் அலை கதவின் கீழ் விளிம்பைத் தாண்டி உள்ளே புகுந்தது. காஸ்பர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வண்டிக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றார். அவர் தொடையில் மோதி இரண்டாகப் பிரிந்த தண்ணீர் பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டது.

ஹரியை வீடியோவில் அழைத்தார். அங்கே இரவு. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

“தம்பி, தண்ணி உள்ள பூந்துடுச்சுபா.”

“நோ நோ நோ. மேல ஏத்த முடியாதா அங்கிள்? ஆள் வெச்சு தூக்குங்க. எவ்ளோ ஆனாலும் பரவால்ல.”

“ஆளு எங்கபா வருவான்? எல்லாரும் அவனவன் வூட்டுல மொண்டு ஊத்திக்கினு கீறான்.”

ஹரி படுக்கையிலிருந்து எழுந்து போனான். அலமாரி இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு சாவிகள். அவற்றை ஏன் எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

“உங்ககிட்ட ஒன்னு குடுத்திருக்கணும் அங்கிள்” என்றான்.

காஸ்பர் போனை என்னிடம் நீட்டிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பினார்.

அப்போது வண்டியின் இண்டிகேட்டர்கள் தாமாக மின்ன ஆரம்பித்தன. வைப்பர் ஒருமுறை எழுந்து பாதிக் கண்ணாடியில் நின்றது. பிறகு ஹார்ன். நிறுத்தாமல் ஒரே நீட்டாக. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. “யோவ், ஆஃப் பண்ணுய்யா!” என்று யாரோ கத்தினார்கள். காஸ்பர் ஓடிப்போய் பானட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினார். உலோகத்தின் மேல் கை வைத்தால் சத்தம் நிற்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் எடுக்கவில்லை.

போன் என் கையில் இருந்தது. “கேமராவத் திருப்பிடுங்க” என்றான் ஹரி. “பாக்க வேணாம். கேட்டா போதும்.”

நான் திரையை என் சட்டையோடு சேர்த்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். ஹார்ன் கரகரத்தது, தணிந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது.

“காஸ்பரு, மேல வாய்யா, கரண்டு கிரண்டு அடிச்சிரப் போவுது!” அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

சத்தம் நின்றது. மழை மட்டும் பெய்தது.

“அங்கிள்?” என்றான் ஹரி.

காஸ்பர் வந்து என்னிடமிருந்து போனை வாங்கினார். “நின்னுடுச்சுபா” என்றார்.

அதன் பிறகும் இருவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. முதலாளி போனை வைக்காமல் டிரைவர் வைப்பதில்லை. ஹரியோ வைக்கிற மாதிரி தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. காஸ்பர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.