பூட்டியிருந்த கதவு

நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது ஒரே விஷயத்தைத்தான். அன்று அந்தக் கதவு வெளியே பூட்டியிருந்தது.

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவனோடு சேர்ந்து வாழ்ந்தார். தாலி இல்லை. சண்டை வந்தால் அக்காவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். சாயந்திரம் வந்து திறப்பான். எங்கள் மாடியில் எல்லாருக்கும் அது தெரியும். அன்று காலையும் அவன் பூட்டிவிட்டு இறங்கியதை, தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்த நான் பார்த்தேன். சாயந்திரம் அவன் வரவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை என்று அவருடைய தங்கை ஓடி வந்தாள். நான்தான் பூட்டை உடைத்தேன். அக்கா கதவுக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தார். வயிற்றில் கத்திக்குத்து.

போலீஸ் வந்து, பார்த்ததை எழுதி, சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள். எல்லாரும் என்னை முன்னால் தள்ளினார்கள். "நீதான தம்பி காலேஜ் படிக்கிற, போடு!" எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். ஒரு வரியும் படிக்காமல், இங்கிலீஷில் வளைத்துப் போட்டேன். தாளில் 'கதவு திறந்திருந்தது' என்று இருந்தது. அவர்கள் வந்தபோது திறந்துதானே இருந்தது! உடைந்த பூட்டையோ, மறுநாள் நடையைக் கழுவியவர்கள் குப்பையோடு தள்ளிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து சம்மன் வந்தது.

"அவன் ஜாமீன்ல வெளிய கீறான். இன்னாத்துக்குடா நமக்கு இந்தப் பேஜாரு? ஞாபகம் இல்ல சார்னு சொல்ட்டு வந்துனே இரு" என்றார் அப்பா.

"ஞாபகம் இருக்கேப்பா."

"இதுக்காடா உன்னப் படிக்க வெச்சேன்?"

"இதுக்கும்தான்பா."

கோர்ட்டில் அவன் தரப்பு வக்கீல் அந்தத் தாளை நீட்டினார். "கையெழுத்து உங்களுதா?"

"ஆமா சார்."

"திறந்து கிடந்த வீட்ல யார் வேணா புகுந்து குத்தியிருக்கலாம்?"

"பூட்டியிருந்துச்சு சார். நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பட்டதாரி! படிக்காமப் போட்டீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது.

நீதிபதி அம்மா நிமிர்ந்தார். "அவர் பூட்டும்போது அந்தப் பொண்ணு உள்ளதான் இருந்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

அதை நான் போலீசிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும் சொன்னதில்லை. எதிர் பெஞ்சில் அக்காவின் தங்கை உட்கார்ந்திருந்தாள். சொல்லாவிட்டால் கோர்ட் தாளில் அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

"தட்டினாங்க மேடம்."

"யாரு?"

"அக்கா. அவரு பூட்டிட்டு இறங்குனப்புறம் உள்ள இருந்து கதவைத் தட்டினாங்க. எப்பவும் வர்ற சண்டைதானேன்னு நான் எங்க வீட்டுக்குள்ள போயிட்டேன்."

அதையும் டைப் செய்தார்கள்.

வெளியே படிக்கட்டில் தங்கை வழியை மறித்து நின்றாள்.

"எவ்ளோ நேரம் தட்டுச்சு?"

மறந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது.

"பத்து நிமிஷம் இருக்கும். மொதல்ல பலமா. அப்புறம் மெதுவா."

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கேஸு மேல்கோர்ட்டுக்குப் போயி திரும்பக் கூப்ட்டாலும் இதச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."