அந்தத் தம்பி கிடைத்தானா

ஆன்லைன் மீட்டிங்கில் அந்த கேமின் பெயரைத் திரையில் பார்த்ததும், மைக்கை அணைக்க மறந்து கத்திவிட்டேன். பெங்களூர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் டீம் லீட் மட்டும், "அப்போ இது உங்களுக்குத்தான்" என்றார். அப்படித்தான் அந்த ரீமேக் வேலைக்குள் நான் வந்தேன்.

வீடியோ கேம்களுக்குச் சுவரும் தரையும் தண்ணீரும் வெளிச்சமும் செய்து கொடுப்பது என் வேலை. ஓடுகிற, சண்டை போடுகிற ஆட்களை வேறு யாரோ செய்வார்கள். அவர்கள் ஓடுகிற இடம் என்னுடையது. கொரோனாவின்போது நாமக்கல்லுக்கு அப்பா அம்மாவிடம் வந்தவள், மாடி அறையில் மேசையைப் போட்டு அங்கேயே தங்கிவிட்டேன். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பழைய கேம்களை இன்றைய ஆட்களுக்கு ஏற்றபடி திரும்பச் செய்யும்போது, அந்த வேலையில் ஒரு பங்கு எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு வரும்.

இந்த கேமில் ஒரு படகோட்டி. வெள்ளம் வந்து ஒரு நகரமே மூழ்கிவிட்டது. அவனுடைய தம்பி அதற்குள் எங்கோ மாட்டிக்கொண்டான். கையில் கொக்கி வைத்த நீளக் கோல், இடுப்பில் ஒரு விளக்கு, இவ்வளவுதான் அவனிடம். தண்ணீருக்குள் இறங்கி, கொக்கியை மாட்டிச் சுவரேறி, வழியில் நாயைப் போல் உறுமுகிற மீன்களை அடித்து விரட்டிக்கொண்டு, வீடு வீடாகத் தேடுவான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அவருக்காக வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சேலத்தில் யாரிடமோ காப்பி போட்டு வாங்கிவந்த சி.டி.யில் இந்த கேம் இருந்தது. அண்ணன் ஆடுவார், நான் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். படகோட்டியின் கோலை அவர் தொரட்டி என்பார். விளக்கை ஏற்றி அணைக்கிற பட்டனை மட்டும் என்னிடம் விட்டிருந்தார். மீன் வரும்போது நான் பயந்துபோய் விளக்கை அணைத்துவிடுவேன், அவர் தலையில் குட்டுவார்.

கடைசியில் தம்பி கிடைத்துவிடுவான். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மணிக்கூண்டுக்கு அடியில் தண்ணீர் ஏறாத சின்ன அறை. அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நனைந்த பச்சைச் சட்டை. படகோட்டியைப் பார்த்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பதுபோல் தலையைத் தூக்குவான்.

பழைய கேமின் ஃபைல்கள் வந்ததும் வேலையைத் தொடங்கினேன். முதல் குழப்பம் பனிமூட்டத்தில் வந்தது. அந்த நகரம் முழுக்க ஒரு சாம்பல் நிறப் பனி படர்ந்திருக்கும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரால் தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்ட முடியாது என்பதால் போட்ட பனி அது. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. பனியை எடுத்தேன். எடுத்ததும் நகரம் எங்கள் பேருந்து நிலையம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிந்தது. இவ்வளவு சின்ன ஊருக்குள்ளா அவ்வளவு நாள் தேடினோம் என்று திகைத்துப்போய்ப் பனியைத் திரும்பப் போட்டேன். லீட் பார்த்துவிட்டு, "பழசைத் தூக்கிட்டுப் புதுசா பண்ணச் சொன்னா, புது மெஷின்ல பழைய குறையைப் பண்ணி வச்சிருக்கீங்களே" என்றார். பிறகு அவரே கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

கடைசி லெவலுக்கு வந்தபோதுதான் என் தலை சுற்றியது. மணிக்கூண்டு இருந்தது. அதற்கடியில் அறை இல்லை. படகோட்டி கூண்டின் உச்சிக்கு ஏறி மணியை அடிக்கிறான். காத்திருக்கிறான். யாரும் வரவில்லை. படகில் ஏறித் தனியாகத் திரும்பிப் போகிறான். கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

தம்பி கிடைக்கிற இடமே இல்லை, ஃபைல்கள் முழுதாக வரவில்லை என்று லீட்டைக் கூப்பிட்டேன்.

"முழுசாத்தான் வந்திருக்கு," என்றார். "முடிவே அதானே. தம்பி கிடைக்காததாலதான் அந்த கேமை இத்தனை வருஷம் பேசிட்டிருக்காங்க. நீங்க ஆடியிருக்கேன்னு சொன்னீங்களே?"

"ஆடினது எங்க அண்ணன். நான் பார்த்தேன்," என்றேன். எனக்கே அது ஒரு பதிலாகத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டிப் பக்கம் அண்ணனின் கோழிப்பண்ணைக்குப் போனேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தவர், பிறகு பண்ணை வைத்துவிட்டார். நான் போனபோது முட்டை வண்டி வந்து நின்றிருந்தது. முட்டை அட்டைகள் வண்டியில் ஏறும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அண்ணா, அந்தப் படகுக்காரன் கேம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"தொரட்டிக்காரனா? ஏன், அதுக்கென்ன?"

"கடைசீல அவன் தம்பி கெடச்சானுங்களா?"

"கெடச்சான்ல." கொஞ்சமும் யோசிக்கவில்லை அவர்.

எனக்கு உயிர் வந்தது. "மணிக்கூண்டுக்கு அடியிலதானுங்களே?"

"மணிக்கூண்டா? கெடங்குல அம்மணி. நெல்லு மூட்டை மேல படுத்துத் தூங்கீட்டுக் கெடந்தான். எழுப்புனா கொட்டாவி உடறான். எனக்கு வந்த கோவத்துக்குத் தொரட்டியில ரெண்டு போடலாம்னு இருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கொட்டாவியை இப்போது பார்ப்பதுபோல் சிரித்தார். யாரோ பழைய கேமைக் கடைசிவரை ஆடி இணையத்தில் போட்டிருந்த வீடியோவை என் போனில் காட்டினேன். போனைச் சட்டையில் துடைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தார். படகோட்டி தனியாகத் திரும்பிப் போனான்.

"இது வேற கேமு," என்றார்.

"இல்லீங்ணா. இதேதான்."

"அப்ப பாதியை வெட்டிப்போட்டாங்க."

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் எனக்கு ஒன்று தோன்றியது. அப்பா அப்போது ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் வடக்கே போயிருந்தார். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். செல்போன் இல்லாத காலம். அப்பா எங்கே, எப்போது வருவார் என்று நான் அழுதுகொண்டே இருந்திருப்பேன். தேடிப்போனவன் வெறுங்கையோடு திரும்புகிற முடிவைப் பார்த்தால் நான் இன்னும் அழுவேன் என்று, அண்ணன் தானாக ஒரு முடிவைச் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி அவருக்கும் அதுவே நிஜமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கதை கட்டற ஆளா நானு?" என்றார். "ஒரு கல்யாண வாழ்த்துக்கு ரெண்டு வரி எழுதச் சொன்னாலே எனக்கு வராது. நான் ஆடுனேன், கெடச்சான். அவ்வளவுதான்."

இதற்குள் வேலையில் இன்னொன்று நடந்தது. கேமின் சொந்தக்காரர்கள் முடிவை மாற்றச் சொன்னார்கள். லீட் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்ப ஆடுறவங்க இவ்வளவு நேரம் தேடிட்டு வெறுங்கையோட போனா கோபப்படுவாங்களாம். தம்பி கிடைக்கணுமாம். எங்கே, எப்படின்னு நம்மளையே யோசிக்கச் சொல்றாங்க."

"வேண்டாம்," என்றேன் நான்.

லீட் என்னை வினோதமாகப் பார்த்தார். "கிடைச்சான்னு சத்தியம் பண்ணது நீங்கதானே?"

எனக்குப் பிடித்த முடிவு அதுதான். அது இல்லை என்று தெரிந்தபோது ஏமாந்து போனதும் நான்தான். ஆனால் கூண்டின் உச்சியில் மணியை அடித்துவிட்டு அந்தப் படகோட்டி காத்திருந்ததைப் பார்த்த பிறகு, அவனிடமிருந்து அந்தக் காத்திருப்பைப் பிடுங்கவும் மனசு வரவில்லை. வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

மணிக்கூண்டுக்கு அடியில் அறையைச் செய்தேன். எனக்கு நினைவிருந்தபடியே சுவர், தண்ணீரின் அளவு, மேலே ஒரு விரிசல் வழியாக இறங்குகிற வெளிச்சம். தம்பியின் உருவத்தைச் செய்தவரிடம் பச்சைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டேன். அறையில் உட்கார வைத்து விளக்கைக் காட்டினால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பச்சை கறுப்பாகத் தெரிந்தது. படகோட்டியின் விளக்கில் பச்சை பச்சையாகத் தெரியாது. அப்படியானால் நான் பார்த்தது எந்தச் சட்டையை? வெளிச்சத்தை வெள்ளையாக்கினேன். இப்போது சட்டை பச்சையாக இருந்தது. அறைதான் ஏதோ துணிக்கடை மாதிரி ஆகிவிட்டது. பல நாள் இப்படியே இழுத்தடித்தேன். கடைசியில் சட்டையைக் கறுப்பாகவே விட்டேன். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. லீட் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக்கூட ஒருவர் சொன்னார்.

கேம் வெளிவந்தது. ஆடியவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பழைய ஆட்கள் பலர் திட்டியிருந்தார்கள். அது நியாயம்தான். ஆனால் வேறு சிலர், சின்ன வயதில் பார்த்த முடிவை மாற்றாமல் வைத்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? லீட்டிடம் காட்டினேன். "எல்லாருக்கும் ஏதோ ஒரு ஞாபகம்," என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்கு அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் ஹாலில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, கன்ட்ரோலரைப் பிடிக்கப் பழகி, விடுமுறை முழுக்க ஆடினார். போகவேண்டிய வழியைக் காட்ட அங்கங்கே சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருந்தோம். "வழியை நீங்களே சொல்லிப்போட்டா நான் என்னத்தைத் தேடறது?" என்று திட்டிக்கொண்டே அந்தக் கோட்டின் பின்னாலேயே போனார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மணிக்கூண்டுக்கு வந்தார். அறைக்குள் நுழைந்தார். தம்பி தலையைத் தூக்கினான்.

அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "இது இல்ல அம்மணி."

"கெடங்கு இல்லீங்கறீங்களா?"

"கெடங்கு, மணிக்கூண்டு எதுனாலும் போகுது. இவன் பயந்துபோய் உக்கோந்திருக்கான் பாரு. அவன் அப்படி இல்ல." பிறகு எப்படி இருந்தான் என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. கையைத் தூக்கி ஏதோ காட்டப் பார்த்து விட்டுவிட்டார்.

எனக்கு ஏனோ அழுகை முட்டியது. அப்பாவைப் பார்த்து, "நீங்க ரிக்குல போயிருந்தப்ப நான் அழுவேன்னுதானுங்கப்பா அண்ணன் எனக்கு வேற மாதிரி சொல்லியிருக்காரு," என்றேன்.

அப்பா குழம்பிப்போய்ப் பார்த்தார். "கம்ப்யூட்டர் வந்த வருசமா? அப்ப நான் எங்க சாமி போனேன்? காலு ஒடஞ்சு ஊட்லதானே கெடந்தேன். இந்தா, அந்தச் சுவத்தோரம் கட்டில்ல. உங்க ரெண்டு பேரு சத்தம் தாங்கல."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "காலு ஒடஞ்சது அடுத்த வருசமுங்க. அந்த வருசம் நீங்க ஊட்லயே இல்ல."

"ரெண்டும் இல்ல," என்றார் அண்ணன். "காலு ஒடஞ்சப்ப நான் பத்தாவது."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்பா இல்லாத வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுத ஒரு சின்னப் பெண்ணை இந்தச் சில மாதங்களாக மனசுக்குள் சுமந்துகொண்டிருந்தேன். அவள் இருந்தாளா இல்லையா என்றே இப்போது தெரியவில்லை.

"அட, இருங்க," என்றார் அப்பா. "அந்தப் பையன் கெடச்சுட்டான்னு நீங்க ரெண்டு பேரும் கூத்தாடுனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நானும் கட்டில்லருந்து எட்டிப் பார்த்தேன்."

நானும் அண்ணனும் ஒரே மூச்சில் கேட்டோம். "எங்கீங்கப்பா இருந்தான்?"

அப்பா டி.வி.யைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "மரத்து மேல," என்றார். "காலைத் தொங்கப்போட்டுட்டு உக்கோந்திருந்தான்."

அம்மா, "காப்பி ஆறுது" என்றார்.

அண்ணன் மெல்லக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். "மரம் எங்கியாச்சும் வெச்சிருக்கியா அம்மணி?"

"நான் வெக்கலீங்ணா. பழசுலயும் மரமே கெடையாது."

அவர் தலையாட்டினார். ஆனாலும் படகோட்டியைத் தண்ணீருக்குள் திருப்பி, வெள்ளைக் கோட்டை விட்டு விலகி, பனிக்குள் ஓட்டிக்கொண்டு போனார். அப்பா நாற்காலியை டி.வி.க்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.